பாதாளக் கோட்டைக்கு வரைபடம் போட்டவர்

மாதத்தின் இரண்டாம், நான்காம் ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் மூன்று மணி முதல் ஆறு மணி வரை, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பல் மருத்துவமனையின் மாடியறையில் நாங்கள் நான்கு பேர் கூடி ஒரு பாதாளக் கோட்டைக்குள் இறங்குவோம். மூன்று வருடங்களாக இது நடக்கிறது. மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும் முன் எல்லாவற்றையும் டைரியில் எழுதிவிடுவேன். எந்த அறை வரை போனார்கள், பகடையில் என்ன விழுந்தது, எத்தனை தீப்பந்தங்கள் மிச்சம் என்று.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இது பலகை இல்லாத விளையாட்டு. ஒருவர் கோட்டையை மனதில் கட்டி, தாளில் வரைந்து, யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நுழைவார்கள். "உங்கள் முன்னால் ஒரு கதவு, ஈரமாக இருக்கிறது" என்று முதலாமவர் சொல்வார். "கதவில் காதை வைத்துக் கேட்கிறேன்" என்று இன்னொருவர் சொல்வார். உள்ளே என்ன கேட்கிறது, அடி யார் மேல் விழுகிறது என்பதையெல்லாம் பகடை முடிவு செய்யும். கோட்டையைக் கட்டியவன் நான். பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப்செட் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். அளவு சொல்லாமல் எனக்குப் பேச வராது. என் கோட்டையில் பத்து அடி, இருபது அடி என்று உத்தேசமான அறைகள் கிடையாது. பதினெட்டுக்குப் பதினான்கு, பதிமூன்றுக்கு இருபத்தொன்று என்றுதான் இருக்கும்.

விளையாட்டைக் கொண்டுவந்தவர் பல் டாக்டர். எங்கள் நால்வரில் இளையவர். வெளியூரில் படித்த காலத்தில் பழகியிருக்கிறார். அவருடைய பாத்திரம் ஒரு திருடன். பல் பிடுங்குகிறவருக்கு அது பொருத்தம்தான் என்று கணக்கு டீச்சர் சொன்னார். டீச்சரும் அவரிடம் பல் பார்க்க வந்து சேர்ந்தவர்தான். ஞாயிறு காலை பூசைக்குப் போய்விட்டு, வீட்டில் சமையலை முடித்துவிட்டு, மூன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஸ்கூட்டரில் வந்து நிற்பார். அவர் மந்திரவாதினி. நான்காவது ஆள் காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கும் அண்ணன். பல வருடங்களுக்கு முன்னால் எங்கள் மோட்டார் ஒன்று சரியில்லை என்று புகார் சொல்ல வந்தவர், ஒரு பக்கம் முழுவதும் அளவெடுத்து எழுதிக்கொண்டு வந்தார். புகார் அன்றே முடிந்தது. பழக்கம் நிலைத்துவிட்டது. கோடரி ஏந்திய ஒரு குள்ளன் அவருடைய பாத்திரம்.

அவரால்தான் எங்கள் ஆட்டத்துக்கு ஒரு விதி கூடுதலாக வந்தது. கோட்டைக்குள் ஏதாவது ஒன்று எதிர்ப்பட்டால், சண்டைக்கு முன் நான் இரண்டு பகடை உருட்டுவேன். குறைவாக விழுந்தால் அது பாயும். அதிகமாக விழுந்தால் சும்மா இருக்கும். முதல் மாதமே ஒரு மண்டபத்தில் வாளோடு ஓர் எலும்புக்கூடு நின்றது.

"ஏனுங்க, நீங்க இங்கயே காவலுங்களா?" என்று அண்ணன் அதைக் கேட்டார்.

எலும்புக்கூடு பேசாது என்று நான் சொன்னேன்.

"பேச வேண்டாமுங்க. தலையாட்டுனாப் போதும்."

பகடையை உருட்டினேன். பதினொன்று விழுந்தது. எலும்புக்கூடு தலையாட்டியது என்று சொல்ல வேண்டியதாயிற்று.

"பாருங்க டாக்டர். கேட்டாச் சொல்றாங்க. நீங்க அதுக்குள்ள கத்திய உருவிப்போட்டீங்க."

"ஏனுங்ணா, அது எலும்புக்கூடுங்ணா."

"இருக்கட்டுமே. பல்லு எப்படி இருக்குதுன்னு நீங்க ஒரு வார்த்தை விசாரிச்சிருக்கலாம்."

அன்று எழுதினேன்: மரியாதையாகப் பேசினால் பகடையில் ஒன்று கூட்டிக்கொள்ளலாம். அதன்பின் அந்தக் கோட்டையில் ங்க போடாமல் யாரும் யாரையும் வெட்டியதில்லை.

வரைபடமும் அவர் பொறுப்பு. நான் வாயால் சொல்லும் அளவுகளைக் கேட்டு, ஆடுபவர்களில் ஒருவர் கட்டம் போட்ட தாளில் கோட்டையை வரைந்துகொண்டே வர வேண்டும். அவர் முதல் நாளே பென்சிலை எடுத்துக்கொண்டார். அதற்கு முந்தைய வருடம்தான் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். மகன்கள் இருவரும் மில்லை எடுத்துக்கொண்டார்கள். நல்ல பிள்ளைகள். அவரை ஓய்வாக இருக்கச் சொன்னார்கள்.

"மில்லுக்குப் போனாச் சேர் போட்டு உக்கார வைக்கறாங்க சார்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "நான் எதைச் சொன்னாலும் சரிங்கப்பாங்கறாங்க. எண்ணெயத் தொட்டுப் பாக்க ஒரு ஆளு என்னயக் கூப்படறதில்ல. இங்க வந்தா எனக்கு ஒரு வேலை இருக்குதுங்க."

அதனால்தான் அடுத்து நடந்தது எங்களுக்கு அவ்வளவு சிக்கலாயிற்று. அந்த வரைபடம் தப்பாக இருந்தது.

இரண்டாம் வருட ஆரம்பத்தில் ஒரு தேநீர் இடைவேளையில் அவர் கை கழுவப் போயிருந்தார். தாள் விரித்தபடி கிடந்தது. கோட்டையை நடத்துகிறவன் அதைப் பார்க்கக் கூடாது. எங்கள் விதிப்புத்தகத்தில் நானே எழுதியிருந்தேன்: வரைபடம் ஆடுகிறவர்களுடையது, நடத்துகிறவர் அதைத் திருத்தவும் கூடாது. ஆனால் கண்ணில் பட்டுவிட்டது. பதினான்காம் அறையின் வடிவமே மாறியிருந்தது. தாண்டிப் போன நடைவழி வேறு திசையில் போனது.

இரண்டு நாள் கழித்து டீச்சர் போன் செய்தார்.

"சார், அண்ணன் போடற மேப் தப்பா வருது. நான் பரீட்சை நோட்டுக் கடைசிப் பக்கத்துல தனியா ஒண்ணு போட்டுட்டு வர்றேன். அவர்கிட்டச் சொல்லட்டுமா?"

"நான் இதுல வாயத் தெறக்கக் கூடாதுங்க டீச்சர்."

"நீங்க சொல்லுங்கன்னு சொல்லல. நான் சொல்லட்டுமான்னு கேக்கறேன்."

நான் விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். பிறகு அவரே, "எனக்கும் மனசு வரமாட்டேங்குது சார். பென்சிலு, ஸ்கேலு, ரப்பரு எல்லாம் ஒரு டப்பாவுல போட்டு எடுத்துட்டு வர்றாரு. பையத் தெறந்ததும் முதல்ல அதத்தான் வெளிய வைக்கறாரு" என்றார்.

பல் டாக்டருக்கும் தெரிந்திருந்தது. "விடுங்க சார், வெளிச்சத்துலதான போறோம். கதவு கண்ணுக்குத் தெரியுது. மேப் எப்படி இருந்தா என்ன" என்றார். அதுவும் உண்மைதான். தீப்பந்தம் எரியும்வரை, அறையில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லிவிடுவேன். வழியில் குழப்பம் வரும்போது டீச்சர் மெல்ல, "எனக்கென்னமோ வலது பக்கம் போலாம்னு தோணுதுங்கண்ணா" என்பார். "டீச்சருக்கு மந்திரம் இருக்குதல்லோ, அக்கட்டயே போவோம்" என்பார் அவர். இப்படி ஒரு வருடம் ஓடியது. வேலையிடத்தில் பதினேழரை மில்லிமீட்டரைப் பதினேழு என்று யாராவது எழுதினால் அந்தத் தாளையே திருப்பி அனுப்புகிறவன் நான். இங்கே விதியைக் காட்டிக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

பிறகு ஒரு நாள் இரண்டாம் தளத்தில் டாக்டரின் திருடன் ஒரு கல்தொட்டியின் அடைப்பை நோண்டி எடுத்தான். வேண்டாம் என்று மற்ற இருவரும் சொன்னார்கள். பகடையில் ஒன்றுதான் விழுந்தது. தொட்டி உடைந்து தண்ணீர் பெருகியது. தீப்பந்தங்கள் அணைந்தன. இருட்டில் பன்னிரண்டு நகர்வுகளுக்குள் மேலே போகும் படிக்கட்டை அடையாவிட்டால் மூவரும் முடிந்தார்கள் என்று சொன்னேன். இருட்டில் நான் எதையும் விவரிக்க மாட்டேன். வரைபடம்தான் கண்.

அண்ணனுக்கு அது பெரிய தருணம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"யாரும் பயப்படாதீங்க. என்ற தோளப் புடிச்சுட்டு வாங்க. இந்த அறையில வடக்குச் செவுத்துல கதவு இருக்குது. அதத் தாண்டினா நேரா படி."

"கையால் தடவிப் பார்க்கிறீர்கள். சுவர்" என்றேன்.

"சித்த எடதுபக்கமா?"

"சுவர்."

"வலதுபக்கமா ரெண்டடி."

"சுவர். தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. ஒன்பது நகர்வுகள் மிச்சம்."

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுபடி எண்ணினார். நகர்வுகள் ஐந்தாயின. குள்ளன் உயரம் குறைவு என்பதால் தண்ணீர் அவன் மோவாய்க்கு வந்தது. டாக்டர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சரின் கை கைப்பையின் மேல் இருந்தது. நான்கு நகர்வுகள் மிச்சம் இருக்கும்போது அவர் பையைத் திறந்து, பரீட்சை நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தைப் பிரித்தார்.

"வடக்குச் சுவருல இல்லீங்கண்ணா. மூலை சாஞ்சு வெட்டியிருக்கு. அந்தச் சாஞ்ச சுவருலதான் கதவு."

கதவு அங்கேதான் இருந்தது. மூவரும் படியேறிப் பிழைத்தார்கள். யாரும் சந்தோஷப்படவில்லை. அண்ணன் நோட்டை வாங்கித் தன் தாளுக்குப் பக்கத்தில் வைத்து, ஓர் அறையையும் விடாமல் பார்த்தார்.

"எப்பருந்து இது போட்டுட்டிருக்கீங்க அம்மணி?"

"ஒரு வருசமா இருக்கும்ங்கண்ணா."

"டாக்டருக்குத் தெரியுமுங்களா?"

டாக்டர் தலையாட்டினார். அண்ணன் என்னைக் கேட்கவில்லை. பென்சில் டப்பாவை மூடினார். தாளை மேசையிலேயே வைத்தார்.

"இனி டீச்சரே போடட்டுங்க. சுத்தமா இருக்குது. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேனுங்க."

அப்போது மணி நான்கு நாற்பது. ஆறரை பஸ்ஸில்தான் அவர் எப்போதும் போவார்.

அடுத்த முறை வரவில்லை. ஊரில் ஒரு சீர் விசேஷம் என்று செய்தி அனுப்பினார். அதற்கடுத்த முறையும் வரவில்லை. உடம்பு அசதி என்றார். டீச்சர் எனக்குப் போன் செய்து, தான் அந்த நோட்டை எடுத்தே இருக்கக் கூடாது, மூணு பேரும் முழுகியிருக்கலாம் என்றார். நான் ஒரு சனிக்கிழமை லீவு போட்டேன். டீச்சரின் நோட்டையும் அவர் விட்டுப்போன தாளையும் ஒரு ஃபைலில் வைத்துக்கொண்டு சிங்காநல்லூரில் பஸ் ஏறினேன். என்ன சொல்வது என்று தீர்மானிக்கவில்லை. ஜன்னலோர சீட் கிடைத்ததால், பழக்கதோஷத்தில் இரண்டையும் மடியில் வைத்து ஒப்பிடத் தொடங்கினேன்.

பல்லடம் வருவதற்குள் என்னால் உட்கார முடியவில்லை. தப்புகள் கவனக்குறைவால் வந்திருந்தால் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறி இருக்கும். இவை அப்படி இல்லை. நான் பதினெட்டு அடி என்று சொன்ன இடத்திலெல்லாம் பதினேழு இருந்தது. பதினான்கு என்று சொன்ன இடத்திலெல்லாம் பதினாறு. பதிமூன்று பதினொன்றாகியிருந்தது. பதினாறு சொன்ன இடங்களில் பதினாறே இருந்தது. ஏழு அறைகளில் வடகிழக்கு மூலையை நான் சாய்த்து வெட்டியிருந்தேன். ஏன் என்பதை இங்கே எழுத முடியாது. அவர்கள் இதைப் படிக்கக்கூடும், இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அந்த ஏழு மூலைகளையும் அவர் நிரப்பிச் சதுரமாக்கியிருந்தார். எங்கள் தொழிலில் இப்படி ஒரே பக்கமாகச் சாயும் பிழையைப் பார்த்தால் ஆளைத் திட்ட மாட்டோம். மிஷினை யாரோ அப்படி செட் செய்திருக்கிறார்கள் என்று தேடுவோம்.

மில்லின் களத்தில் தேங்காய்ப் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது. அவர் ஷெட்டின் நிழலில், சொன்னபடியே ஒரு சேரில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, சாப்பிட்டாச்சுங்களா, பஸ்ஸில் கூட்டமா, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று வரிசையாகக் கேட்டார். மோர் வந்தது. குடித்து முடித்ததும் நான் இரண்டு படங்களையும் அவர் முன்னால் விரித்தேன்.

"பதினெட்டுன்னு சொன்னேன். எல்லா இடத்துலயும் பதினேழு போட்டிருக்கீங்கண்ணா. ஏன்?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் அறை அறையாகத் தொட்டுக்கொண்டு போனார். ஐந்தாவது அறையில் விரல் நின்றது. முகம் மெல்ல மாறியது.

"பதினெட்டடி ஆகாதுங்க சார்."

"எதுக்கு ஆகாது?"

"ஊட்டுக்கு. மனையடி சாஸ்திரத்துல பதினெட்டு வரக்கூடாதுங்க. பதினேழு நல்ல அடி. பதினாறும் நல்ல அடி." சற்று நிறுத்தினார். "அட, நான் வேணும்னு போடலீங்க. நாப்பது வருசமா ஊடு, ஷெட்டு, குடோன்னு கட்டிக் கட்டிக் கை அதுலயே போயிருக்குது. ஈசானி மூலைய வெட்டுன மாதிரி கோடு போடோணும்னா கை வரமாட்டேங்குது பாருங்க."

நான் சிரித்துவிட்டேன். அவருக்கும் சிரிப்பு வந்தது.

"ஆனா உங்க மேலயும் தப்பு இருக்குதுங்க சார். ஏழு அறைக்கு ஈசானி மூலைய வெட்டிக் கட்டியிருக்கீங்க. உள்ள இருக்கறவங்க எல்லாம் எலும்புக்கூடாச் சுத்தறாங்கன்னா, சும்மாவா சுத்துவாங்க?"

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு வருகிறீர்கள்தானே என்று கேட்டேன். அவர் நோட்டை மூடி என் பக்கம் நகர்த்தினார்.

"தப்புப் போட்டது ஒண்ணுமில்லீங்க. மூணு பேரும் தெரிஞ்சுட்டே ஒரு வருசம் ஆமாங்கண்ணா, ஆமாங்கண்ணான்னு சொல்லியிருக்கீங்க. இங்கயும் அதுதான நடக்குது. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து நான் எது சொன்னாலும் சரின்னு சொல்லிப்போட்டு, அக்கட்டப் போயி அவங்க நெனச்சதச் செய்யறாங்க. உங்க மேசையில அப்படி இல்ல. குள்ளனுக்கு அடிபட்டா அடிபட்டதுதான். அதுக்குத்தான் பஸ் ஏறி வந்தேன். அங்கயும் எனக்குச் சேர் போட்டு உக்கார வச்சுட்டீங்களே சார்."

நடத்துகிறவர் வரைபடத்தைத் திருத்தக் கூடாது என்பது விதி என்று ஒரு வாக்கியம் என் வாயில் இருந்தது. அதைச் சொல்லவில்லை.

"எனக்குப் பயமுங்கண்ணா. சொன்னா நீங்க வராமப் போயிருவீங்கன்னு."

"சொல்லாட்டியும் வராமத்தான போனேன்" என்றார்.

பஸ் ஏற்றிவிட வந்தவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. பார்க்கலாமுங்க என்றார். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எழுபது கிலோமீட்டரும் யோசித்துக்கொண்டு வந்தேன்.

அந்த ஞாயிறு நான் இரண்டே முக்காலுக்கே மாடியில் இருந்தேன். டாக்டர் மேசையைத் துடைத்தார். டீச்சர் வந்து உட்கார்ந்து, பையைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். மூன்று மணிக்குப் படியில் மெதுவான காலடி கேட்டது. பாதிப் படியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிவிட்டு ஏறும் காலடி.

டீச்சர் எழுந்தார். "அண்ணா, நான் அன்னிக்கு..."

"அதெல்லாம் இருக்கட்டும் அம்மணி. உக்காருங்க. நோட்ட வெளிய எடுங்க." பென்சில் டப்பாவைத் திறந்தார். "இன்னிக்கு ரெண்டு பேரும் போடறோம். நான் தப்பாப் போட்டா அப்பவே சொல்லிப்போடோணும். மனசுல வெச்சுட்டு ஊட்டுக்குப் போகக் கூடாது. டாக்டருக்கும்தான் சொல்றேன். சார் வேண்டாம், அவருக்கு விதி இருக்குது."

நான் ஆட்டத்தைத் தொடங்கினேன். கதவைத் திறந்தார்கள். பதினெட்டுக்குப் பதினான்கு அடி அறை, வடகிழக்கு மூலை சாய்வாக வெட்டியிருக்கிறது என்றேன். உள்ளே பல்லி முகம் கொண்ட மூன்று பேர் ஈட்டியோடு நிற்கிறார்கள் என்றும் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கோடு போட்டார்.

டீச்சர் எட்டிப் பார்த்தார். வாயைத் திறந்து மூடினார். மறுபடி திறந்தார்.

"அண்ணா, அது பதினேழு."

"பதினெட்டுங்க."

"பதினேழுங்கண்ணா. நான் எண்ணிட்டேன்."

"நல்லா எண்ணுங்க."

"நான் கணக்கு டீச்சருங்கண்ணா. அழிங்க."

டாக்டர் தேநீருக்கு வாங்கிய பப்ஸைப் பாதி கடித்தபடி அப்படியே நிறுத்திவிட்டார். அண்ணன் பென்சில் முனையால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு, உதட்டுக்குள் எண்ணி, கடைசிக் கட்டத்துக்கு வந்தார். ரப்பரை எடுத்து அழித்தார். பிறகு ஸ்கேலைச் சாய்த்து வைத்து, வடகிழக்கு மூலையில் ஒரு சாய்ந்த கோடு போட்டார். கோடு நேராகவே விழுந்தது.

"போட்டாச்சுங்க. இப்பச் சரியா?"

"மூலை சரி. கதவு எங்க?"

"கதவு போடறதுக்குள்ள ஏனுங்க இப்படி வெரட்டறீங்க?"

"ரெண்டு பேரும் சித்த நிமுந்து பாருங்க" என்றார் டாக்டர். "பல்லி மூஞ்சிக்காரங்க அங்கயே நிக்கறாங்க."

"நிக்கட்டும் டாக்டர். ஏனுங்க, ஒரு அஞ்சு நிமிசம் பொறுத்துக்கங்க, படம் போட்டுட்டு வந்து பேசறோமுங்க" என்றார் அவர், தாளிலிருந்து தலையை எடுக்காமல். நான் பகடையை உருட்டி ஒன்று கூட்டினேன். ஒன்பது. பொறுத்துக்கொண்டார்கள்.

அன்று ஆறு மணிக்குள் இரண்டு அறைகள்தான் முடிந்தன. வழக்கமாக ஆறு அறைகளாவது முடியும். ஒருமுறை டீச்சர் மேற்கைக் கிழக்காகப் போட்டுவிட்டார். அதைக் கண்டுபிடித்ததும் அண்ணன் அடைந்த சந்தோஷத்தில் ஒரு கால் மணி நேரம் போயிற்று. கிளம்பும்போது பழைய தாளையும் எடுத்துப் பைக்குள் வைத்தார். படியில் இரண்டு எட்டு இறங்கிவிட்டுத் திரும்பினார்.

"அடுத்த தடவ நான் ரெண்டு மணிக்கே வாரேனுங்க. பழசு பூராவும் திருத்தோணும். டீச்சர், நீங்களும் வந்துபோடுங்க. பக்கத்துல உக்காந்து சொல்றதுக்கு ஆளு வேணுமல்லோ."

"ரெண்டு மணின்னா எனக்குச் சமையல் முடியாதுங்கண்ணா. ரெண்டரை" என்றார் டீச்சர்.

"ரெண்டே கால்" என்றார் அவர்.